ஒரு வருத்தமும் இல்லாத சுல்பிகா

ஊரில் பெருநாளுக்கு உடுப்புச் சேர்ப்பவர்கள் உண்டு, மகள் கலியாணத்துக்குப் பாத்திரம் சேர்ப்பவர்கள் உண்டு. சாய்ந்தமருதுக் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் இருந்த சுல்பிகா குளிசை சேர்த்தாள். நாளுக்கு ஒன்று என்று டொக்டர் கொடுத்த குளிசையைப் பாதியாக உடைப்பாள். ஒரு பாதியை விழுங்குவாள், மற்றப் பாதியை அரிசிப் பீப்பாவுக்குப் பின்னால் இருக்கும் பிஸ்கட் டின்னுக்குள் போடுவாள். சம்பந்தி வீட்டார் வருகிற நாளுக்காக அந்தச் சேமிப்பு. அன்றைக்கு அந்தப் பாதிகளில் எட்டுப் பத்தை ஒன்றாக அள்ளிப் போட்டால், ஒரு பகல் முழுக்க ஆளைப் பிடிக்க ஏலாது. அடுத்த மூன்று நாளும் அவள் என்ன ஆவாள் என்பது அவளுடைய அறைக் கதவுக்கும் புருசன் முத்தலிப்புக்கும் மகள் அம்ஹாவுக்கும் மட்டும் தெரியும்.

முப்பத்தாறு வயதில் வந்த வருத்தம். முதலில் காலையில் விரல் மடங்கவில்லை. பிறகு கன்னம் இரண்டிலும் சிவந்த தடிப்பு, வாயெல்லாம் புண், கொஞ்சம் வெயில் பட்டாலே காய்ச்சல். எண்ணெய் பூசிப் பார்த்தார்கள், ஓதி ஊதிய தண்ணீர் குடிக்கக் கொடுத்தார்கள், அடுத்த வீட்டுக்காரிகள் ஆளுக்கொரு கசாயம் சொன்னார்கள். எல்லாம் ஓய்ந்த பிறகுதான் கல்முனைக்குப் போய் கிளினிக்கில் பெயர் பதிந்து கொப்பி போட்டார்கள். லூபஸ் என்றார் அங்கிருந்த பெண் டொக்டர். உடம்பைக் காக்க வேண்டிய இரத்தம் உடம்பையே தின்கிற வருத்தம், மாறாது, ஆனால் அடக்கி வைக்கலாம், விட்டால் சிறுநீரகத்தில் கை வைக்கும் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார்.

“குளிசைய நீங்களாக் கூட்டவும் கூடா, குறைக்கவும் கூடா. திடீரெண்டு நிப்பாட்டினா உயிருக்கே ஆபத்து. வெயில்ல நிக்கக் கூடா. ஏலாட்டிப் படுங்க. படுக்கிறதும் மருந்துதான்.”

“நான் படுத்தா சோறு ஆக்கிற ஆரு டொக்டர்?” என்று கேட்டாள் சுல்பிகா. பகிடிக்கில்லை, மெய்யாகவே கேட்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, ஆறு வருசம் ஒழுங்காகத்தான் போனாள். மாதத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறி, வாங்குப் பலகையில் காத்திருந்து, இரத்தம் கொடுத்து, குளிசை வாங்கி வந்தாள். அந்த ஆறு வருசமும் வருத்தம் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடந்தது. அதைத் தட்டி எழுப்பியது கலியாணம்.

அம்ஹாவுக்கு மருதமுனையில் இருந்து பேச்சு வந்தது. மாப்பிள்ளை அப்ராஸ், கல்முனை பஸாரில் போன் கடை வைத்திருந்தான். நல்ல பிள்ளை, தொழுகையாளி, சிகரெட் கூட இல்லை. தாய் சபூறா நாலு பேர் மதிக்கிற மனுசி, வாயும் அப்படி. பேச்சு வந்த அன்று பின்னேரமே சுல்பிகா கிளினிக் கொப்பியை எடுத்து அடுப்பில் வைத்தாள். வயலால் வந்த முத்தலிப் குசினியில் கடதாசி எரிகிற வாசத்துக்கு எட்டிப் பார்த்தார். அவர் நாவிதன்வெளியில் வேளாண்மை செய்கிற மனுசர். வயலில் தண்ணீருக்காக நாலு பேரோடு சண்டை பிடிப்பார், வீட்டில் சத்தம் வராது.

“சொல்லிப் போட்டுச் செய்வமே புள்ள. மறைச்சி என்ன செய்யிற?”

“சொன்னா என்ன சொல்லுவாக? தாய்க்கி இரத்த வருத்தம், நாளைக்கி மகளுக்கும் வரும் எண்டுவாக. ஒங்கட மகள் கலியாணமில்லாம குமராவே இரிப்பா. அது ஒங்களுக்குச் சரியா?”

அவர் அடுப்பில் எரிந்த கொப்பியைப் பார்த்தார்.

“வல்லாஹி எண்டு சத்தியம் பண்ணுங்க. ஒரு மனிசருக்கிட்டயும் வாய் துறக்க மாட்டன் எண்டு.”

பண்ணினார். பண்ணாமல் இருந்திருந்தால் இந்தக் கதை இல்லை. அவளுக்கு விளங்காததை எடுத்துச் சொல்ல அல்லாஹ் அவருக்கு ஒரு வாயைக் கொடுக்கவில்லை.

அன்றோடு கிளினிக் நின்றது. அந்த வாங்கில் மருதமுனைப் பெண்கள் பத்துப் பேராவது இருப்பார்கள், கண்டால் கதை முடிந்தது. டொக்டர் எழுதிய பழைய மருந்துத் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு முத்தலிப் பாமசி பாமசியாக ஏறி இறங்கினார். கல்முனையில் வாங்கினால் தெரிந்துவிடும் என்று அக்கரைப்பற்று வரைக்கும் மோட்டார் சைக்கிளில் போனார். இரத்தம் பார்ப்பதும் நின்றது, டொக்டர் முகம் பார்ப்பதும் நின்றது. பொண்ணு பார்க்க வந்த அன்று சுல்பிகா டின்னைத் திறந்து முதல் தடவையாக அள்ளி விழுங்கினாள். பதினாலு பெண்களுக்குத் தன் கையால் பரிமாறினாள். கன்னத்துச் சிவப்பை பவுடர் போட்டு மறைத்தாள். போகும்போது சபூறா அவளைக் கட்டிப் பிடித்து முத்தமிட்டுப் போனாள். கேற் சாத்தியதும் சுல்பிகா ஹோலுக்குள் அப்படியே இருந்தாள், எழும்ப முடியவில்லை. அம்ஹாவும் முத்தலிப்பும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கட்டிலுக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் அவள் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டும். வென்றுவிட்டாளாம்.

எங்கள் கரையில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். புதுமாப்பிள்ளைக்கு முதல் நாற்பது நாளும் மாமியார் தன் கைப்பட ஆக்கிப் போட வேண்டும். காலையில் இடியப்பமும் பாலாணம் என்கிற தேங்காய்ப்பால் குழம்பும், பகலைக்கு மீனும் கோழியும், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பலகாரம். கடை இடியப்பத்தை வைத்தால் அந்த வீட்டுக்குப் பெயர் கெட்டது. மாப்பிள்ளையின் கூட்டாளிகள் வேறு சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள். வெள்ளிக்கிழமை என்றால் சம்பந்தி வீட்டுப் பெண்கள் வான் பிடித்து வந்து இறங்குவார்கள். சுகமான பொம்பிளைக்கே முதுகு கழன்றுவிடும்.

சுல்பிகாவுக்கு இடியப்ப உரலைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. உரலை மேசையில் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் பிடித்து, நெஞ்சைக் குப்புறக் கொடுத்து அழுத்தினாள். நெஞ்சில் உரலின் பிடி பட்ட இடம் கறுத்துப் போயிருந்தது. வெயில் கூடாதென்று டொக்டர் சொல்லியிருந்தும், மா காயப் போட மொட்டை மாடியில் நின்றாள். வெள்ளிக்கிழமைகளில் டின் திறபட்டது. அன்றைக்கு அவள் பேச்சென்ன, சிரிப்பென்ன, ஓட்டமென்ன.

“ஒங்களுக்கு எத்தின வயசு மச்சி?” என்பாள் சபூறா. “எங்கட குடும்பத்து மருமகள்மாரு ஒங்களுக்குக் கிட்டயும் நிக்க ஏலா. ஒரு சோறாக்கிப் போட்டு ரெண்டு நாளைக்கி இடுப்பப் பிடிச்சிக்கிட்டுக் கிடப்பாக.”

“நமக்கென்ன மச்சி, அல்ஹம்துலில்லாஹ், ஒரு வருத்தமுமில்ல” என்பாள் சுல்பிகா.

சனி, ஞாயிறு, திங்கள் அடுப்படி நேரம் தவிர அவளைக் காணக் கிடைக்காது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பாள். போர்வை கூடப் பாரமாக இருக்கும். தலைமுடியைச் சீப்பு தொட்டால் கொத்தாக வரும். அப்ராஸ் கேட்டால் என்ன சொல்வது? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள் பைத்தியக்காரி. சுன்னத்தான, தானாக விரும்பிப் பிடிக்கிற நோன்பு பிடித்திருக்கிறாளாம், அதனால் களைப்பாம். அறைக்குள் படுத்துக் கிடந்து வாய்ப்புண்ணுக்குப் பயந்து ஆறிய கஞ்சியைக் குடித்துக்கொண்டே நோன்பாளி ஆனாள். அந்தப் பொய்தான் அவளை ஆகப் பயப்படுத்தியது. மகளுக்காகச் சொல்லுறன் யா அல்லாஹ், குற்றம் பிடிச்சிராத என்று ஒவ்வொரு தடவையும் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். வெளியிலோ அவளுக்கு வணக்கசாலி, இபாதத்காரி என்று பேர் ஏறியது. குளிசையைக் கண்டபடி விழுங்கி முகம் பூரித்துப் போயிருந்ததா, அதற்கும் மருமகன் வந்த சந்தோசம் என்று பேர் வைத்தார்கள்.

அம்ஹா கெட்ட பிள்ளையில்லை. கஞ்சி கொண்டுவந்து தலைமாட்டில் இருப்பாள்.

“இண்டைக்கி ஒழும்ப வேணாம் உம்மா. நான் பாக்கிறன்.”

“ஓம் மகள்.”

கொஞ்ச நேரம் காலை அமுக்கிவிடுவாள். பிறகு மெல்லச் சொல்வாள்: “இவர் பகலைக்கி ரெண்டு பேரைக் கூட்டி வாறாராம். உம்மாட பாரை மீன் ஆணத்தப் பத்திச் சொல்லிப் போட்டாராம்.”

சொல்லிவிட்டுத் தாயின் முகத்தைப் பார்க்காமல் காலையே அமுக்குவாள். தாய் எழும்புவாள் என்று அவளுக்குத் தெரியும். ஒரு தடவையாவது எழும்பாமல் கிடந்திருந்தால் அவளும் பழகியிருப்பாள், ஆணம் காய்ச்சப் படித்திருப்பாள். சுல்பிகா விட்டால்தானே. சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பிப் போய் அடுப்பைப் பற்ற வைப்பாள். அப்ராஸும் சாப்பிட்டுவிட்டு மனதாரப் புகழ்வான். “மாமி, ஒங்கட கைச் சாப்பாடு திண்டவனுக்குக் கடைச் சாப்பாடு இறங்கா.” பாவம், அவனுக்கு என்ன தெரியும்.

நாற்பது முடிந்தது. சுல்பிகா இனி ஓயலாம் என்று நினைத்தாள். ஆனால் நாற்பது நாளும் ஓடி ஓடிச் செய்தவளை நாற்பத்தோராம் நாள் யார் இருக்க விடுவார்கள்? ஏலும் என்று காட்டிவிட்டாளே. நோன்பு வந்தது, பெருநாள் வந்தது, சபூறாவின் இளைய மகனுக்குக் கலியாணம் வந்தது. அதற்கு முட்டையும் தேங்காய்ப்பாலும் அடித்து நூறு வட்டிலப்பம் அவித்துக் கொடுத்தவளும் இவள்தான். காலில் விரலால் அமுக்கினால் குழி விழுந்தது. வீட்டுக்குள்ளும் காலுறை போடத் தொடங்கினாள். சிறுநீர் நுரைத்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை, முத்தலிப்பிடமும் சொல்லவில்லை.

அடுத்த வருசம் அம்ஹாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்றவளுக்கு இன்னொரு நாற்பது. விடிய எழும்பிப் பத்தியச் சரக்கு அரைக்க வேண்டும், பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டும், பார்க்க வருகிறவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுக்க வேண்டும். ஏழாம் நாள் முடி இறக்கி, ஆடு அறுத்து, அகீக்காச் சாப்பாடு. அன்று காலை சுல்பிகா டின்னைக் கவிழ்த்து மிச்சமிருந்த அத்தனையையும் விழுங்கினாள். ஐம்பது பேர் சாப்பிட்டார்கள். சபூறா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, “பெத்தும்மாவப் போல ஓடியாடித் திரியோணும் இவ” என்று சுல்பிகாவைக் காட்டித் துஆ செய்தாள்.

மறுநாள் டின் வெறுமை. முத்தலிப் வழக்கமான பாமசிக்குப் போனார். துண்டு பழசு, எழுத்தும் அழிந்துபோய்விட்டது, புதுத் துண்டு இல்லாமல் தர மாட்டோம் என்றார்கள். வேறு மூன்று இடத்திலும் அதே பதில்.

“இனிக் கிளினிக் போவம் புள்ள. நான் கூட்டிப் போறன்” என்றார் வந்து.

“விடுங்க. மகள்ட நாப்பது முடியட்டும். புறகு புதுசாக் கொப்பி போடுவம். ஒரு மாசத்துல என்ன வந்துரும்?”

திடீரென்று நிறுத்தக் கூடாது என்று டொக்டர் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. தன்னைச் சொன்னதாக எடுக்கவில்லை, அவ்வளவுதான். முதல் நாள் வாந்தி, அடுத்த நாள் காய்ச்சல். பிள்ளை பிறந்த பத்தாம் நாள் காலை சரக்கு வடித்துக்கொண்டு நின்றவள் சட்டியோடு குசினியில் விழுந்தாள்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெண்கள் வாட்டில் ஆண்கள் நிற்க முடியாது. அம்ஹா பச்சை உடம்புக்காரி, வெளியில் வரக்கூடாது. சபூறாதான் ஃபிளாஸ்க்கும் பாயும் எடுத்துக்கொண்டு துணைக்கு வந்தாள். வேறு யாரும் வருவதற்கு முன்னால் வந்தாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். கட்டில் பக்கத்தில் நின்று கடதாசி மட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். இளவயது டொக்டர் ஒருவர் வந்தார். பிரசர் பார்த்தார், முகம் சுருங்கியது. காலை அமுக்கிப் பார்த்தார்.

“முந்தி ஏதும் வருத்தம் இருந்ததா அம்மா? கிளினிக் கொப்பி இருக்கா?”

சுல்பிகா அவரைப் பார்க்கவில்லை. விசிறுகிற கையைப் பார்த்தாள். ஓம் என்று ஒரு சொல்லைச் சொன்னால் மருந்து வரும். கூடவே என்ன வரும் என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிஞ்சே மறைச்சி எங்கட தலையில கட்டிப் போட்டாக என்பார்கள். பத்து நாள் குழந்தையோடு அம்ஹா ஒரு மூலையில் நிற்பாள். குழந்தைக்கும் அந்த இரத்தம் என்பார்கள்.

“இல்ல டொக்டர்” என்றாள்.

“குளிசை ஏதும் தொடர்ந்து பாவிச்சீங்களா?”

“இல்ல.”

டொக்டர் போகவில்லை. இரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்தார். “இரத்த முடிவு வர நாளாகும் அம்மா. இந்த முகத்தப் பாத்தா கனகாலம் ஸ்டீரொய்ட் குடிச்ச முகம் மாதிரி இருக்கு. உண்மையச் சொன்னாத்தான் நான் சரியான மருந்து தரலாம்.”

“அது என்ட பொறவி முகம் டொக்டர்.”

சபூறாவின் விசிறி ஒரு தடவை நின்றது. பிறகு பழையபடி ஆடியது. தலையணை சரிந்திருந்ததை அவள் எடுத்துச் சரியாக வைத்துவிட்டாள்.

பின்னேரம் பார்க்க விடுகிற நேரத்தில் முத்தலிப் வந்தார். சுல்பிகா அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். பிடியில் பலமில்லை, நகம் மட்டும் பட்டது.

“சத்தியம் பண்ணி இரிக்கீங்க. மறந்துராதீங்க.”

அவர் டொக்டரின் அறை வாசலில் போய் நின்றார். உள்ளே டொக்டர் எழுதிக்கொண்டிருந்தார். மணி அடித்து எல்லாரையும் வெளியேறச் சொல்லும் வரைக்கும் நின்றார். பிறகு கீழே வந்து ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார். அடுத்த நாளும் அப்படியே வந்து, அப்படியே நின்று, அப்படியே போனார்.

மூன்றாம் நாள் அஸருக்குப் பிறகு சுல்பிகா மௌத்தானாள். நாற்பத்து நாலு வயது. இரத்த முடிவு வந்து சேர்ந்தபோது அவளை அடக்கி மூன்று நாள் ஆகியிருந்தது. ஜனாஸாவுக்கு வந்த பெண்கள் ஒரே கதையைத்தான் கதைத்தார்கள். ஒரு நாளும் ஏலாதென்று படுக்காத மனுசி, ஒரு பனடோல் குடித்துக் கண்டதில்லை, கிடந்து உழலாமல் போய்விட்டாள், கொடுத்து வைத்தவள் என்றார்கள். அம்ஹா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வேறு என்ன செய்வாள், தாய் பழக்கி வைத்தது அதுதானே.

அடக்கி ஏழாம் நாள் சனம் கொஞ்சம் குறைந்திருந்தது. சபூறா ஹோலில் பாய் போட்டு இருந்து குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். முத்தலிப் வந்து கதிரையின் நுனியில் இருந்தார். அவருக்கு ஏழு நாளாக நித்திரையில்லை.

“தங்கச்சி, ஒங்களுக்கிட்ட ஒண்டு சொல்லணும். சுல்பிகாக்கி எட்டு வருசமா வருத்தம். லூபஸ் எண்டு சொல்ற. ஒங்களுக்கிட்ட மறைச்சித்தான் கலியாணம் செஞ்ச. மன்னிச்சி மாப் செய்யுங்க.”

சபூறா நிமிரவில்லை. கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள்.

“தெரியும் காக்கா” என்றாள், மூத்த தமையனிடம் சொல்வது போல.

“என்னெண்டு?”

“பேச முந்தியே தெரியும். ஆறு வருசம் கல்முனைக்குக் கிளினிக் போனவட கதை மருதமுனைக்கி வராதா? எங்கட ஊட்டுக்காரர் வேணாமெண்டுதான் நிண்டார். நான்தான் சொன்னன், வருத்தமில்லாத ஊடு எங்க இரிக்கி, புள்ள நல்ல புள்ள, செய்வம் எண்டு.”

“அப்ப அவக்கிட்ட ஏன் சொல்லல்ல?”

“அவ மறைச்சா. மறைக்கிறவக்கிட்டப் போய் எனக்குத் தெரியும் எண்டு சொன்னா அவட மானம் என்னாகிற? மத்தது, செய்யிறன் செய்யிறன் எண்டு வந்து நிண்டா. செய்யிறவள வேணாமெண்டு சொல்ற ஆரு இரிக்கி காக்கா?”

“டொக்டர் கேக்கக்குள்ள நீங்க பக்கத்துல நிண்டீங்களே.”

“நிண்டன். இல்லெண்டு சொன்னா. ரெண்டு தரம் சொன்னா. அவள நான் பொய்க்காரியாக்கவா? மௌத்தாகிற வருத்தமெண்டு ஆரு கண்ட?” அவள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் மாறவில்லை. “நீங்களும் அங்கதான நிண்டீங்க காக்கா. டொக்டர்ட வாசல்ல. நான் வாட்டு வாசல்ல இருந்து பாத்தன்.”

முத்தலிப் எழும்பி வெளியில் போனார். மோட்டார் சைக்கிளைத் துடைக்கத் தொடங்கினார்.

சபூறா மடித்த துணிகளை அடுக்கி ஓரத்தில் வைத்தாள். மணியைப் பார்த்தாள். பிறகு அறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“அம்ஹா, பதினொரு மணியாகிது. அப்ராஸ் சாப்பிட வருவான். ஒழும்பு மகள். ஒங்கட உம்மா ஒரு நாளும் இப்பிடிக் கிடந்ததில்ல.”

அன்று பிள்ளை பெற்று இருபதாம் நாள். அம்ஹா குழந்தையை மெத்தையில் கிடத்திவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு குசினிக்குப் போனாள்.